பீட்டில்ஸ் ராக் பேண்ட்: இன்றைக்கும் வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்கு வருகிறவர்கள் டிவி பக்கத்தில் நிற்கும் வயலின் வடிவ பிளாஸ்டிக் கிட்டாரைப் பார்த்ததும் ஆரம்பித்துவிடுவார்கள். ஆடிப் பார்த்துவிட்டுப் போனவர்கள் அப்புறம் போனிலும் கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து எழுதிவிட்டேன். முதலில் எளிய கேள்விகள், போகப் போகச் சிக்கலானவை.

இது என்ன கேம்? பாட்டு கேட்கிறதா, விளையாடுறதா?

இரண்டும்தான். ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் என்ற நால்வரின் பிரிட்டிஷ் இசைக் குழுவான பீட்டில்ஸின் பாட்டுகளை வைத்துச் செய்த வீடியோ கேம். திரையில் நிறம் நிறமாகப் புள்ளிகள் இறங்கி வரும். அவை கோட்டைத் தொடும் நொடியில் கிட்டார் வடிவக் கருவியில் அதே நிற பட்டனை அழுத்தி, நடுவில் இருக்கும் ஸ்ட்ரம் பாரைத் தட்ட வேண்டும். டிரம்ஸ் என்றால் அந்த நிறப் பலகையில் குச்சியால் அடிக்க வேண்டும். மைக் பிடித்தவர் சுருதி மாறாமல் பாட வேண்டும். சரியாகச் செய்தால் பாட்டு முழுதாகக் கேட்கும், தவறினால் உங்கள் வாத்தியம் மட்டும் பாட்டிலிருந்து காணாமல் போகும்.

2005-இல் கிட்டார் ஹீரோ என்ற கேமையும் 2007-இல் ராக் பேண்ட் என்ற கேமையும் உருவாக்கிய ஹார்மோனிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம்தான் இதையும் செய்தது. வெளியான நாள் 2009 செப்டம்பர் 9. பீட்டில்ஸின் மறுசீரமைக்கப்பட்ட சிடிக்கள் கடைக்கு வந்ததும் அதே நாளில்தான். எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3, நின்டெண்டோ வீ ஆகிய மூன்றுக்கு மட்டுமே வந்தது.

பீட்டில்ஸ் பாட்டு எனக்கு ரெண்டோ மூணோதான் தெரியும். எனக்கெல்லாம் இது ஒத்து வருமா?

வரும். அறிமுகமே இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. கேமின் கதைப் பகுதி லிவர்பூலில் காவர்ன் கிளப்பின் நிலவறை மேடையில் தொடங்கும். 1964-இல் நியூயார்க்கில் எட் சல்லிவன் நிகழ்ச்சி, 1965-இல் ஷே ஸ்டேடியம், 1966-இல் டோக்கியோவின் புடோகான், அதற்குப் பிறகு அபே ரோடு ஸ்டூடியோ, கடைசியாக 1969 ஜனவரியில் லண்டனில் பீட்டில்ஸின் சொந்த நிறுவனமான ஆப்பிளின் அலுவலக மொட்டை மாடி என்று போகும். ஆடிக்கொண்டே வருகிறவருக்கு நான்கு இளைஞர்களின் இசை ஆறேழு வருடத்துக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது யாரும் விளக்காமலேயே புரிந்துவிடும்.

ஆனால் ஒன்று. பழைய மேற்கத்திய இசையே காதுக்கு ஒவ்வாது என்றால் வாங்க வேண்டாம். இதில் வேறு எந்தக் குழுவின் பாட்டும் கிடையாது.

'ஹே ஜூட்', 'யெஸ்டர்டே' எல்லாம் இருக்கா? அதுக்காகத்தான் கேட்கிறேன்.

இல்லை. இதைத் தெரிந்துகொண்டே வாங்குங்கள், ஏனென்றால் நிறையப் பேர் ஏமாந்துபோவது இங்கேதான். 'ஹே ஜூட்', 'யெஸ்டர்டே', 'லெட் இட் பி', 'ஹெல்ப்', 'பென்னி லேன்', 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்', 'எலினார் ரிக்பி', 'ஷி லவ்ஸ் யூ' எதுவும் டிஸ்க்கில் இல்லை. 'யெஸ்டர்டே', 'எலினார் ரிக்பி' இரண்டிலும் டிரம்ஸே கிடையாது, நான்கு பேர் சேர்ந்து ஆடும் கேமுக்கு அவை பொருந்தாது என்று விட்டிருந்தால் புரிந்துகொள்ளலாம். 'ஹெல்ப்' இல்லாததற்கு அப்படி ஒரு சமாதானமும் எனக்குக் கிடைக்கவில்லை.

இருப்பவை: 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்', 'ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்', 'எ ஹார்ட் டேஸ் நைட்', 'டிக்கெட் டு ரைட்', 'டே ட்ரிப்பர்', 'டாக்ஸ்மேன்', 'ஐ ஆம் தி வால்ரஸ்', 'ஹெல்டர் ஸ்கெல்டர்', 'சம்திங்', 'கம் டுகெதர்', 'ஹியர் கம்ஸ் தி சன்', 'கெட் பேக்'. நம் காதுக்குப் பழகிய ஒலிகளும் உண்டு. 'கெட்டிங் பெட்டர்' பாட்டின் பின்பகுதியில் தம்புரா மீட்டுவது கேட்கும். ஜார்ஜ் ஹாரிசன் இந்திய இசையில் மூழ்கியிருந்த காலத்து 'விதின் யூ விதவுட் யூ', 'டுமாரோ நெவர் நோஸ்' பாட்டின் தாளத்தோடு பிணைந்த வடிவில் இருக்கிறது. 2006-இல் வந்த 'லவ்' தொகுப்பில் செய்த இணைப்பு அது. 1968-இல் ரிஷிகேஷில் தங்கியிருந்தபோது எழுதிய 'டியர் ப்ரூடன்ஸ்' பாட்டும் உண்டு.

மொத்தம் 45 பாட்டுதானே? போட்ட காசுக்கு ஈடாகுமா?

வெளிவந்த சமயத்தில் இது நியாயமான புகார். டிஸ்க் மட்டும் 60 டாலர், வாத்தியங்களோடு கூடிய சிறப்புப் பெட்டி 250 டாலர். அதே காலத்து ராக் பேண்ட் 2-இல் 80-க்கும் மேல் பாட்டுகள் இருந்தன. கணக்குப் போட்டால் பீட்டில்ஸ் தோற்றுத்தான் போகும்.

இன்றைக்குக் கணக்கு வேறு. புதிதாக அச்சிடுவதில்லை என்பதால் பழைய டிஸ்க்தான் கிடைக்கும். அது நிறைய விற்ற கேம், ஆகவே டிஸ்க் மட்டும் என்றால் பழைய கேம்களில் மலிவானவற்றின் வரிசையில்தான் இருக்கும். வாத்தியங்கள்தான் காசைத் தின்னும். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். 45 பாட்டையும் ஒருமுறை முடிக்க ஒரு வார இறுதி போதும். ஆனால் ஒவ்வொரு பாட்டிலும் கிட்டார், பேஸ் (கனத்த ஒலி தரும் கிட்டார்), டிரம்ஸ், குரல் என்று தனித்தனிப் பகுதிகள் உண்டு. பேஸ் எடுத்து ஆடும்போது நீங்கள் பல வருடமாகக் கேட்ட 'சம்திங்' வேறு பாட்டாகத் தெரியும். பால் மெக்கார்ட்னி அங்கே தாளம் மட்டும் பிடிக்கவில்லை, அடியில் தனியாக ஒரு மெட்டே போட்டிருக்கிறார். என்னைக் கேட்டால் இந்தக் கேமில் மறைந்து கிடக்கும் புதையல் பேஸ்தான். பேஸ் என்றால் சுலபம், சலிப்பு என்று ஒதுக்குகிறவர்கள் 'டாக்ஸ்மேன்' ஒன்றை மட்டுமாவது ஆடிப் பாருங்கள்.

அப்படி என்ன விசேஷம் இதுல? பழைய பாட்டை எடுத்துப் போட்டாங்க, அவ்வளவுதானே?

அவ்வளவு எளிதாக நடக்கவில்லை. நீங்கள் கிட்டாரில் தவறினால் கிட்டார் ஒலி மட்டும் நிற்க வேண்டும் என்றால், பாட்டில் கிட்டார் தனித் தடத்தில் இருக்க வேண்டும். பீட்டில்ஸின் முதல் ஆல்பத்தின் பெரும்பகுதி 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில், இரண்டே தடம் கொண்ட டேப்பில் பதிவானது. வாத்தியங்கள் எல்லாம் ஒரு தடத்தில் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். நான்கு தடக் கருவிக்கு அவர்கள் மாறியதே அந்த வருடக் கடைசியில்தான்.

அந்தக் கலவையைப் பிரிக்கும் பொறுப்பு கைல்ஸ் மார்ட்டினிடம் வந்தது. பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் அவர். அபே ரோடு ஒலிப்பதிவாளர்களோடு உட்கார்ந்து, ஒரே தடத்தில் பின்னிக் கிடந்த கிட்டாரையும் டிரம்ஸையும் ஒலி அலைவரிசை வாரியாக வடிகட்டிப் பிரித்திருக்கிறார்கள். 'ஐ சா ஹெர் ஸ்டாண்டிங் தேர்' ஆடும்போது வேண்டுமென்றே கிட்டாரை விட்டுப் பாருங்கள். குரலும் பேஸும் ஓடிக்கொண்டிருக்க, கிட்டார் இருந்த இடம் மட்டும் காலியாகும். அந்தக் காலியிடத்தைச் செய்யத்தான் அத்தனை உழைப்பு.

இந்தக் கேம் நடந்ததற்கே ஜார்ஜ் ஹாரிசனின் மகன் தானி ஹாரிசன் முக்கியக் காரணம். உரிமையாளர்களுக்கும் ஹார்மோனிக்ஸுக்கும் பாலமாக இருந்தவர் அவர். 2009 ஜூனில் அமெரிக்காவின் இ3 கண்காட்சியில் காட்டியபோது பால் மெக்கார்ட்னியும் ரிங்கோ ஸ்டாரும் மேடைக்கே வந்தார்கள். கேம் திறந்ததும் ஓடும் அனிமேஷனை இயக்கியவர் பீட் கேண்ட்லேண்ட். அதைத் தாண்டிப் போகும் பட்டனை முதல் தடவை அழுத்தாதீர்கள்.

அபே ரோடு பகுதிக்கு வந்ததும் இன்னொன்று கவனியுங்கள். 1966-க்குப் பிறகு குழு மேடைக் கச்சேரிகளை நிறுத்திவிட்டதால் காட்டுவதற்குக் கூட்டமும் இல்லை, மேடையும் இல்லை. அதனால் பாட்டு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஸ்டூடியோ சுவர் கரைந்து, ஒவ்வொரு பாட்டுக்கும் தனியாக ஒரு கனவுக் காட்சி விரியும். பாட்டுக்கு முன்னால் அவர்கள் ஸ்டூடியோவில் பேசிக்கொண்ட சின்னச் சின்னப் பேச்சும் கேட்கும்.

என்கிட்ட பிஎஸ்5 இருக்கு. அதுல போட்டா ஓடாதா?

ஓடாது. பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டுமே பிஎஸ்3 டிஸ்க்கை எடுக்காது. எக்ஸ்பாக்ஸ் ஒன், சீரீஸ் எக்ஸ் ஆகியவை சில பழைய 360 கேம்களை ஓட்டும், இது அந்தப் பட்டியலில் இல்லை. டிஜிட்டலாக எங்கேயும் விற்பதில்லை, கம்ப்யூட்டருக்கும் வரவில்லை. ஆக எக்ஸ்பாக்ஸ் 360, பிஎஸ்3, வீ மூன்றில் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். வீ டிஸ்க்கை அதற்கு அடுத்து வந்த வீ யூ கன்சோலும் எடுக்கும்.

மூன்றில் எது என்றால், கன்சோலே இல்லாதவருக்கு என் சிபாரிசு எக்ஸ்பாக்ஸ் 360. காரணம் கிட்டார் கேள்வியில் வரும். பிஎஸ்3 ஏற்கெனவே இருந்தால் அதுவே போதும், அதற்காக இன்னொன்று வாங்காதீர்கள். வீ-யைக் கடைசியாக வையுங்கள். அதில் எச்டிஎம்ஐ கிடையாது, புது டிவியில் படம் மங்கலாக இருக்கும்.

டிஸ்க் மட்டும் வாங்கினா போதுமா? கிட்டார், டிரம்ஸ் எல்லாம் கட்டாயமா?

கட்டாயம் இல்லை. முதலில் வாங்க வேண்டியது மைக். ராக் பேண்ட், கிட்டார் ஹீரோ பெட்டிகளோடு வந்த யூஎஸ்பி மைக் தனியாக விற்பனைக்கு வரும், விலையும் குறைவு. டிஸ்க்கும் இரண்டு மைக்கும் இருந்தால் கேமின் சிறந்த பாதி உங்கள் கையில். கிட்டாரும் டிரம்ஸும் நல்ல நிலையில் கண்ணில் படும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கிட்டாரைத் தேடி மாதக்கணக்கில் அலைந்து, எக்கச்சக்க விலை கொடுத்து வாங்கி, மைக்கை மறந்துவிடுகிறார்கள். வேறு ராக் பேண்ட் கேம் என்றால் அது சரி. பீட்டில்ஸ் கேமில் குரல்தான் உயிர்.

எனக்குப் பாட வராது, இங்கிலீஷ் உச்சரிப்பும் சுமார்தான். மைக் பிடிச்சா மானம் போயிடாதா?

போகாது. கேம் கேட்பது சுருதியை, சொல்லை அல்ல. சொல் மறந்துவிட்டால் 'லலலா' என்று சரியான சுருதியில் இழுத்தாலும் மதிப்பெண் விழும். ஸ்தாயியும் கட்டாயமில்லை. மேல் ஸ்தாயியில் பாடியதை நீங்கள் கீழ் ஸ்தாயியில் பாடினால் அதையும் ஏற்றுக்கொள்ளும். அதனால் ஆண், பெண், குழந்தை யார் வேண்டுமானாலும் தங்கள் கட்டைக்கு ஏற்றபடி பாடலாம். சுலபமான நிலையில் கொஞ்சம் சுருதி விலகினாலும் மன்னித்துவிடும்.

பாட்டு நடுவில் தோற்று நின்றுவிடுமோ என்ற பயத்துக்கும் வழி இருக்கிறது. 'தோல்வி இல்லை' என்று ஒரு அமைப்பு மெனுவில் உண்டு. புதியவர்கள், பெரியவர்கள், குழந்தைகள் ஆடும் நாளில் அதைப் போட்டுவிடுங்கள்.

மூணு பேர் சேர்ந்து பாடலாம்னு சொல்றாங்களே, அது எப்படி?

இதுதான் இந்தக் கேமை வாங்குவதற்கு முதல் காரணம், ஆகவே கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். ராக் பேண்ட் வரிசையில் மூன்று குரல் ஒத்திசையை முதலில் கொண்டுவந்தது இதுதான். மூன்று மைக், இரண்டு கிட்டார், ஒரு டிரம்ஸ் என்று ஆறு பேர் ஒரே நேரத்தில் ஆடலாம்.

'இஃப் ஐ நீடட் சம்ஒன்' பாட்டை எடுத்துக்கொள்வோம். திரையின் மேலே மூன்று நிறக் கோடுகள் ஓடும், ஒவ்வொன்றும் ஒரு குரல். சில இடங்களில் ஒரு கோடு மட்டும் வரும், அது ஜார்ஜ். திடீரென்று மூன்றாகப் பிரியும், ஜானும் பாலும் சேர்கிறார்கள். யார் எந்தக் கோடு என்று முன்கூட்டி முடிவு செய்ய வேண்டியதில்லை. நீங்கள் எந்தக் கோட்டின் சுருதிக்குப் பக்கத்தில் பாடுகிறீர்களோ அதைக் கேமே உங்களுக்குக் கொடுத்துவிடும். மூன்று கோடும் நிரம்பினால் திரையில் 'ட்ரிபிள் ஃபேப்' என்று வரும். பீட்டில்ஸின் 'ஃபேப் ஃபோர்' என்ற செல்லப்பெயரிலிருந்து எடுத்தது.

முதல் நாள் மூன்று பேரும் ஒரே கோட்டில்தான் போய் விழுவீர்கள். பக்கத்தில் இருப்பவர் குரல் நம்மை இழுத்துவிடும், அதை மீறி நம் சுருதியில் நிற்பதுதான் கஷ்டம். நம் சினிமாப் பாட்டிலும் கர்நாடக இசையிலும் எல்லாரும் சேர்ந்து ஒரே சுரத்தைப் பாடித்தான் நமக்குப் பழக்கம். அதனால் இது முற்றிலும் புதிய பயிற்சி. ஒவ்வொரு குரலையும் தனியாகப் பழக மெனுவில் குரல் பயிற்சிப் பகுதி வைத்திருக்கிறார்கள். நடுக் குரலைத் தனியாகக் கேட்டால் மெட்டே இல்லாதது போல இருக்கும். மற்ற இரண்டும் சேரும்போது அது எதற்கு அங்கே இருந்தது என்று விளங்கும். அந்த நொடிக்காகவே என் வீட்டில் இந்த டிஸ்க் இன்னும் கன்சோலுக்குள் இருக்கிறது.

நடைமுறைக் குறிப்பு ஒன்று: மைக் எல்லாம் யூஎஸ்பி. பிஎஸ்3 ஸ்லிம்மில் யூஎஸ்பி துளை இரண்டுதான், கிட்டாரைக் கன்சோலோடு இணைக்கும் சிறு யூஎஸ்பி கருவியான டாங்கிளும் அதிலேயே செருக வேண்டும். யூஎஸ்பி ஹப் ஒன்று வாங்கி வையுங்கள்.

பழைய கிட்டார் ஒண்ணு விலைக்கு வருது. எதைப் பார்த்து வாங்கணும்?

முதலில் டாங்கிள். பிஎஸ்3, வீ இரண்டுக்குமான ராக் பேண்ட் கிட்டார்கள் யூஎஸ்பியில் செருகும் இந்தச் சிறிய ரிசீவர் வழியாகத்தான் கன்சோலோடு பேசும். கிட்டாரோடு அதன் ஜோடி டாங்கிள் வர வேண்டும். டாங்கிள் தொலைந்த கிட்டார் கண்ணாடி அலமாரிக்குத்தான் ஆகும். 'தனியா வாங்கிக்கலாம் சார்' என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள், தனி டாங்கிள் சில சமயம் கிட்டார் விலைக்கே போகிறது. எக்ஸ்பாக்ஸ் 360-இன் வயர்லெஸ் கிட்டார்கள் டாங்கிள் இல்லாமல் நேராகக் கன்சோலோடு இணையும். எக்ஸ்பாக்ஸை முதலில் சொன்னது இதற்காகத்தான்.

அடுத்து ஸ்ட்ரம் பார். மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை மெதுவாகத் தட்டச் சொல்லி வீடியோ கேளுங்கள். தேய்ந்த பார் ஒரு தட்டுக்கு இரண்டாகப் பதிவு செய்யும், அல்லது பதிவே செய்யாது. கேம் மெனுவில் கர்சர் ஒரு தட்டுக்கு ஒரு வரி மட்டும் நகர்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஐந்து பட்டனையும் ஒவ்வொன்றாக, அப்புறம் இரண்டிரண்டாக அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். கடைசியாகப் பேட்டரி மூடியைத் திறந்து படம் கேளுங்கள். வருடக்கணக்கில் பேட்டரியோடு கிடந்ததில் பச்சைக் கறை ஏறி உலோகத் தகடு அரித்திருக்கும். லேசான கறை என்றால் துடைத்துவிடலாம், தகடே உதிர்ந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

எந்த மாடல் என்பது அழகு சார்ந்த விஷயம்தான். சிறப்புப் பெட்டியோடு வந்தது பாலின் ஹோஃப்னர் பேஸ் வடிவம். ஜானின் ரிக்கன்பேக்கர் 325, ஜார்ஜின் கிரெட்ச் டியோ ஜெட் வடிவங்கள் தனியாக 100 டாலருக்கு விற்றன. உள்ளே வேலை செய்யும் விதம் மூன்றிலும் ஒன்றுதான். இடது கைக்காரர்களுக்கு மெனுவில் திருப்பிப் போடும் வசதி உண்டு.

என்கிட்ட கிட்டார் ஹீரோ கிட்டார் சும்மா கிடக்கு. அது ஆகாதா?

எக்ஸ்பாக்ஸ் 360 என்றால் ஆகும், தாராளமாக எடுத்து ஆடுங்கள். பிஎஸ்3-இல் பெரும்பாலும் ஆகும், அதற்கும் அதன் டாங்கிள் வேண்டும். ஒரு கன்சோலுக்கான கிட்டார் இன்னொன்றில் வேலை செய்யாது. கன்சோலை முடிவு செய்துவிட்டுக் கிட்டார் தேடுங்கள்.

டிரம்ஸ் வாங்கலாமா? அபார்ட்மெண்ட்ல சத்தம் கேட்காதா?

கேட்கும். ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்துவிடலாம், பலகையில் குச்சி விழும் டக் டக் ஒலியையும் கால் பெடல் தரையில் இடிப்பதையும் குறைக்க முடியாது. கீழ் வீட்டுக்காரருக்கு அந்த இடிதான் போகும். தடிமனான ரப்பர் விரிப்பு போட்டால் ஓரளவு அடங்கும்.

மற்றபடி இதில் நிஜத்துக்கு மிக நெருக்கமானது டிரம்ஸ்தான். ரிங்கோவின் அடிகளைத் தனித்தனியாகக் கற்றுத் தரும் பயிற்சிப் பகுதி இருக்கிறது. மற்ற ராக் பேண்ட் கேம்களில் நடுவில் நம் இஷ்டத்துக்கு அடித்துத் தள்ளும் இடங்கள் வரும். இதில் அவற்றை எடுத்துவிட்டார்கள், பதிவில் இருப்பதை மட்டுமே அடிக்க முடியும். எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது. வாங்கும்போது பெடலைப் பாருங்கள். முதல் ராக் பேண்டோடு வந்த பிளாஸ்டிக் பெடல் நடுவில் முறிவதற்குப் பேர்போனது, உலோகத் தகடு வைத்தது நீண்ட நாள் வரும்.

சரியா அடிச்சும் தப்புன்னு காட்டுது. கிட்டார் ரிப்பேரா?

கிட்டாரைத் திறப்பதற்கு முன் டிவியைப் பாருங்கள். இப்போதைய டிவிகள் படத்தை மெருகேற்றிக் காட்ட ஒரு சிறு நேரம் எடுத்துக்கொள்ளும். சினிமா பார்க்கும்போது தெரியாது. தாள விளையாட்டில் அந்தச் சிறு தாமதம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். டிவி செட்டிங்ஸில் 'கேம் மோட்' போடுங்கள். பிறகு கேமுக்குள் தாமதத்தைச் சரிசெய்யும் பகுதிக்குப் போய்ப் படத்துக்கும் ஒலிக்கும் தனித்தனியாகச் சரிசெய்யுங்கள்.

ப்ளூடூத் ஸ்பீக்கர், ப்ளூடூத் ஹெட்போன் இரண்டும் வேண்டாம், அவற்றின் தாமதம் அதிகம். டிவியின் சொந்த ஸ்பீக்கர் அல்லது வயர் போட்ட ஸ்பீக்கர் போதும். பாடுகிறவர் ஸ்பீக்கருக்கு நேர் எதிரில் மைக்கைப் பிடித்தால் டிவி சத்தமும் மைக்குக்குள் போகும், கொஞ்சம் தள்ளி நிற்கட்டும். இவ்வளவும் செய்த பிறகும் தவறினால் மேலே சொன்ன ஸ்ட்ரம் பார் சோதனைக்குப் போங்கள்.

டிஸ்க்கில் இல்லாத பாட்டை டவுன்லோடு பண்ணிக்கலாம்னு நெட்ல போட்டிருக்கே?

அது பழைய தகவல். 2009 அக்டோபரில் 'அபே ரோடு', நவம்பரில் 'சார்ஜெண்ட் பெப்பர்', டிசம்பரில் 'ரப்பர் சோல்' என்று மூன்று ஆல்பங்களை முழுமையாக்கும் பாட்டுகள் விற்பனைக்கு வந்தன. 'ஆல் யூ நீட் இஸ் லவ்' தனியாக வந்து, அதன் வருமானம் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்குப் போனது. 2016 மே மாதத்தில் உரிமம் முடிந்து எல்லாவற்றையும் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். முன்பே வாங்கியவர்கள் ஆடலாம், புதிதாக வாங்க வழியில்லை. வீ கடை 2019 ஜனவரியிலும் எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலையிலும் மூடப்பட்டன.

எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. 'பிகாஸ்' என்ற மூன்று குரல் பாட்டு அந்த 'அபே ரோடு' தொகுப்போடு போய்விட்டது. 'பாட்டுகள் ஏற்றிய கன்சோல்' என்று யாராவது அதிக விலை சொன்னால் யோசியுங்கள். அவை பழைய உரிமையாளரின் கணக்கோடு கட்டப்பட்டவை, வன்தட்டு போனால் உங்களால் திரும்ப இறக்க முடியாது.

இந்தப் பாட்டுகளை ராக் பேண்ட் 3-க்கு மாத்திக்க முடியுமா?

முடியாது. மற்ற ராக் பேண்ட் டிஸ்க்குகளில் அந்த வசதி இருந்தது, 2010-இல் வந்த கிரீன் டே ராக் பேண்டில்கூட உண்டு. பீட்டில்ஸ் மட்டும் ஆரம்பத்திலிருந்தே தனித் தீவு.

மெட்டாலிகா, கிரீன் டே எல்லாம் இதே மாதிரி கேம் விட்டிருக்காங்களே. எது நல்லது?

கையில் இருப்பதையும் வீட்டில் இருப்பவர்களையும் பொறுத்தது. 2009-இல் வந்த கிட்டார் ஹீரோ மெட்டாலிகாவில் மொத்தம் 49 பாட்டு, அதில் 28 மட்டுமே மெட்டாலிகா, மற்றவை வேறு குழுக்கள். தனியாக உட்கார்ந்து கிட்டாரிலும் டிரம்ஸிலும் விரல் வேகத்தைக் கூட்ட விரும்புகிறவர்களுக்கு அதுதான் சரி. கிரீன் டே கேமிலும் மூன்று குரல் உண்டு. பாட்டு பிடிக்கும் என்றால் வாங்கலாம், ஆனால் குழுவின் வாழ்க்கையைக் காட்டும் விதத்தில் பீட்டில்ஸ் கேமின் அக்கறை அதில் இல்லை.

நான் தனியாத்தான் ஆடுவேன். அப்பவும் வாங்கச் சொல்வீங்களா?

பீட்டில்ஸ் பிடிக்கும் என்றால் டிஸ்க்கும் ஒரு மைக்கும் அல்லது ஒரு கிட்டாரும் வாங்குங்கள். நன்றாக ஆடியதற்குக் கிடைக்கும் நட்சத்திர மதிப்பெண்கள் சேரச் சேர அரிய புகைப்படங்களும் ஒலி, ஒளிப் பதிவுகளும் திறக்கும், ரசிகருக்கு அதுவே பெரிய சேகரம். பீட்டில்ஸ் மேல் தனிப் பிரியம் இல்லை, தனியாகத்தான் ஆடப்போகிறீர்கள் என்றால் வேண்டாம். பெரும்பாலான பாட்டுகள் கிட்டாரில் சுலபம், கை தேர்ந்தவருக்குச் சீக்கிரம் அலுத்துவிடும். 'அண்ட் யுவர் பேர்ட் கேன் சிங்' போலச் சில பாட்டுகள்தான் விரலுக்கு வேலை வைக்கும்.

இதை ஆடினா நிஜ கிட்டார் வாசிக்க வருமா?

வராது. ஐந்து பட்டனுக்கும் ஆறு தந்திக்கும் சம்பந்தமில்லை. தாளக் கட்டுப்பாடு வரும், பாட்டில் எந்த வாத்தியம் எங்கே நுழைகிறது என்று காது பழகும். டிரம்ஸில் கையும் காலும் தனித்தனியாக இயங்கப் பழகும், குரலில் சுருதி நிற்கும். கிட்டார்தான் குறிக்கோள் என்றால் நிஜ கிட்டாரைச் செருகி ஆடும் ராக்ஸ்மித் போன்றவற்றைப் பாருங்கள்.

அண்ணன் வெளிநாட்டிலிருந்து கன்சோலோட செட்டா கொண்டு வர்றேங்கிறார். சொல்லட்டுமா?

இரண்டு விஷயம் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஒன்று மின்சாரம். அமெரிக்கா, கனடாவில் விற்ற எக்ஸ்பாக்ஸ் 360 அடாப்டர் அந்த ஊர் 110 வோல்ட்டுக்கானதாக இருக்கலாம். 230 வோல்ட்டில் அப்படியே செருகினால் வீணாகிவிடும். அடாப்டரின் அடியில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். '100-240' என்று இருந்தால் பயமில்லை, இல்லையென்றால் இங்கேயே அடாப்டர் வாங்க வேண்டும்.

இரண்டாவது டிஸ்க்கின் வட்டாரம். பிஎஸ்3 டிஸ்க் எந்த ஊரில் வாங்கியதும் எங்கும் ஓடும். வீ-யில் கன்சோலும் டிஸ்க்கும் ஒரே வட்டாரமாக இருக்க வேண்டும். எக்ஸ்பாக்ஸ் 360-இல் கேமுக்குக் கேம் மாறும் என்பதால் இரண்டையும் ஒரே ஊரிலிருந்து வாங்குவது நல்லது. செட்டாகவே வருகிறது என்றால் இந்தச் சிக்கல் இல்லை. டிரம்ஸ் பெட்டி பெரியது. காலைக் கழற்றினால் சூட்கேஸில் அடங்கும், கிட்டாரின் கழுத்தும் பெரும்பாலான மாடல்களில் தனியாகக் கழன்று வரும். டாங்கிளைக் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள்.

வாங்கிட்டேன், வீட்ல யாருக்கும் பிடிக்கலை. திரும்ப வித்தா விலை போகுமா?

டிஸ்க்குக்கு அதிகம் வராது. வாத்தியங்களுக்கு வரும், நல்ல நிலையில் டாங்கிளோடு இருந்தால் வாங்கிய விலையே கிடைக்கலாம். கம்ப்யூட்டரில் இலவசமாக ஆடும் க்ளோன் ஹீரோ போன்ற கேம்களுக்காகப் பழைய கிட்டாரைத் தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செட்டாக விற்காமல் கிட்டார், டிரம்ஸ், மைக் என்று பிரித்து விற்றால் கூடுதலாகக் கிடைக்கும். விற்கும் வரை பேட்டரியைக் கழற்றி வையுங்கள், டாங்கிளைக் கிட்டாரின் பின்பக்கத்தில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.